கொலுவுக்குக் கீழே ஓர் ஆல்ப்ஸ்

ஓர் இடத்துக்குப் போவதைவிட, போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிவதில்தான் எனக்குச் சுகம் அதிகம். என் மனைவி சுதா இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் பாவம், ஒவ்வொரு முறையும் நம்பினாள்.

ஆல்ப்ஸ் ஆசைக்கு விதை போட்டது திருச்சியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாணம் முடிந்த வாரம் அங்கே எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பின்னால் திரைச்சீலையில் பனிமலை, அதன் காலடியில் நீல ஏரி, ஏரியில் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்ட ஓர் அன்னம். மின்விசிறிக் காற்றில் மலை லேசாக அலைந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவையில் வியர்த்து வழிந்த சுதா திரும்பித் திரும்பி அதையே பார்த்தாள்.

"நிஜமாவே இப்படித்தான் இருக்குமாங்க?"

"கூட்டிட்டுப் போறேன், நீயே பாரு."

(புது மாப்பிள்ளை வாயில் வேறென்ன வரும்!)

அந்தப் படம் இப்போது டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பூமி. எங்கள் தெருவில் ஏற்றம் என்று சொல்ல, கார் கராஜுக்குள் ஏறும் அந்தச் சின்னச் சரிவு ஒன்றுதான் உண்டு. சில வருஷங்களுக்கு முன், ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வெந்துபோகும் ஓர் ஆகஸ்ட் மாதத்தில், அந்தப் படத்தின் கீழே நின்றுகொண்டு நான் அறிவித்தேன்: இந்த டிசம்பர் லீவுக்கு ஆல்ப்ஸ் போகிறோம். சும்மா பார்த்துவிட்டு வர அல்ல, காலில் பலகை கட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்க, அதாவது ஸ்கீ பண்ண.

"அப்பா, யூ கான்ட் ஈவன் ஸ்கேட்" என்றாள் என் மகள் நிலா. (பெற்ற பிள்ளை!)

அதன்பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனம் மிதக்கிறது. நான் தேர்ந்தெடுத்த மலைக் கிராமத்துக்காரர்கள் சரிவில் ஒரு கேமரா வைத்து, அது காட்டுவதை நாள் முழுதும் இணையத்தில் ஓடவிட்டிருந்தார்கள். காலையில் எழுந்ததும் நானும் சுதாவும் காப்பியை எடுத்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்துவிடுவோம். அங்கே அப்போது மதியம். பச்சைச் சரிவு, ஒரு மரவேலி, அசைபோட்டபடி நிற்கும் மாடுகள். வேறொன்றும் நடக்காது. நடக்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. "இன்னிக்கு மேகம் ஜாஸ்தியா இருக்கில்ல?" என்பாள் சுதா, பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல. ஒருநாள் உச்சியில் மட்டும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கோலமாவைக் கை தவறிக் கொட்டியதுபோல் கொஞ்சூண்டு. சுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பி ஆறியதுகூடத் தெரியவில்லை.

தங்குவதற்கு ஒரு மரவீடு கிடைத்தது. பெரிய சமையலறை, ரசம் தாளித்தால் புகை போக வழி, எல்லாம் விசாரித்துவிட்டேன். ("ஸ்கீ ஸ்கூல் எங்கே" என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டதில் வீட்டுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.) ஒரே சிக்கல், வீடு இரண்டு குடும்பத்துக்கானது. தனியாக எடுப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. என் கல்லூரித் தோழன் பிரபு உடனே சரி என்றான். அவன் மனைவி கவிதாதான் பிடி கொடுக்கவில்லை.

"அண்ணா, விழுந்தா என்ன ஆகும்? எனக்கு மாடிப்படி இறங்கவே பயம். கொலுவுக்கு வர்றப்போ சொல்றேன்."

ஆக, ஸ்டூடியோவில் நான் கொடுத்த வாக்கு முழுதும் கவிதாவின் ஒரு வார்த்தையில் தொங்கியது. அவள் வரமாட்டேன் என்றால் வீடும் இல்லை, மலையும் இல்லை. அந்த வருஷக் கொலுவைப் பார்த்தபோது சுதாவின் மனசு எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் கொலுப்படி ஊரிலிருந்து வந்த இரும்புப் படி அல்ல. பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, என் வேட்டியால் மூடியது. எல்லோரும் கீழே பார்க் வைப்பார்கள் இல்லையா, சுதா அங்கே ஆல்ப்ஸையே வைத்துவிட்டாள். தலையணைகளை அடுக்கி, வெள்ளை சாட்டின் துணியைப் போர்த்தி, கீழ்ப்படியிலிருந்து தரைவரை ஒரு சரிவு. அதன் ஓரமெல்லாம் பஞ்சு. முகம் பார்க்கும் கண்ணாடி ஏரியானது. அதில் ஒரு பிளாஸ்டிக் அன்னம். பல்குச்சிகளை ஸ்கீயாகக் கட்டிக்கொண்டு நிலாவின் பொம்மைகள் நின்றன. கீழ்ப்படியில் அரிசி பருப்போடு கடை விரித்திருந்த செட்டியார் பொம்மை மலையுச்சி வியாபாரிபோல் உட்கார்ந்திருந்தார். நீல விளக்கைப் போட்டதும் ஹாலே குளிர்ந்த மாதிரி இருந்தது.

கவிதா வரும் நாள். ஸ்கீ எவ்வளவு சுலபம் என்று அவளுக்குச் செய்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆபீஸில் கிரெக் என்ற நண்பரிடம் ஸ்கீ பலகைகளையும் பூட்ஸையும் இரவல் வாங்கி வந்திருந்தேன். சுதா மாடியில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகளுக்காக வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஓர் ஒத்திகை பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

கொலுவுக்கு முன்னால் செருப்புக் காலோடு நிற்கலாமா என்ற கேள்வி வராமல் இல்லை. வந்தது. அதற்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்: இந்த பூட்ஸ் பனியைத் தவிர எதையும் மிதித்ததில்லை, பனி என்பது வானத்திலிருந்து நேராக வரும் தண்ணீர், அதைவிடச் சுத்தம் உண்டா? (கிரெக் அதைப் போட்டுக்கொண்டு எந்தெந்த பார்க்கிங் லாட்டில் நடந்தாரோ!)

கல் மாதிரி கனத்த அந்த பூட்ஸை மாட்டி, பலகைகள்மேல் ஏறி நின்றேன். முழங்காலை மடக்கினேன். நீல விளக்கு மினுக்கியது. ஏசி காற்றில் பஞ்சு மெல்ல அசைந்தது. கண்ணை மூடினேன். நானும் சுதாவும் பக்கத்துப் பக்கத்தில் சரிவில் இறங்குகிறோம், அவள் பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள், எங்கும் சத்தமே இல்லை...

அங்கேதான் ஆரம்பித்தது. பூட்ஸ் பலகையில் சரியாக மாட்டவே இல்லை. எங்கள் ஹாலின் தரையோ மரத்தரை, அதை அன்று காலைதான் நானே பளபளவென்று துடைத்திருந்தேன். பலகைகள் என்னை உதறிவிட்டு, மாலையில் தொழுவம் திரும்பும் மாடுகள்போல், பஞ்சுமலையின் ஓரமாக நேராகக் கொலுவுக்கு அடியில் புகுந்தன. நான் பொத்தென்று பின்பக்கமாக உட்கார்ந்தேன். உள்ளே ஒரு பெட்டி நகரும் ஓசை. கீழ்ப்பலகை சரிந்து, நல்லவேளையாக ஸ்கீயின்மேலேயே நின்றது. ஸ்கீ வழுக்கினால் மொத்தக் கொலுவும் போச்சு. குப்புறப் பாய்ந்து, இரண்டு கையையும் நீட்டி, வேட்டிக்கு அடியில் ஸ்கீயின் வாலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியே கிடந்தேன். அசைந்தால் தசாவதாரமும் என் தலையில்.

நிலா மாடிப்படியில் எட்டிப் பார்த்தாள். "அம்மாவைக் கூப்பிடு" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மா! அப்பா இஸ் ப்ரேயிங்!"

"யாரு, உங்கப்பாவா?" என்றது மாடியிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலில் இருந்த அவநம்பிக்கை இன்னும் என் காதில் இருக்கிறது. "நிம்மதியா கும்பிடட்டும், தொந்தரவு பண்ணாதே."

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. பிரபு, கவிதா, அவர்களோடு காரில் வந்த கோமதி ஆன்ட்டி. கோயில் கமிட்டியில் ஆன்ட்டி சொன்னால் மறுபேச்சு கிடையாது. கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் செல்போன் ஒலித்த ஒருவரை ஒரே பார்வையில் கார் வரைக்கும் நடக்கவைத்தவர். என் கால்களை சோபா மறைத்துக்கொண்டிருந்தது. அவர் கண்டதெல்லாம், கொலுவுக்கு முன் சாஷ்டாங்கமாகக் கிடக்கும் ஒரு மனிதனைத்தான்.

"பாத்தியா கவிதா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தி!" ஆன்ட்டியின் குரல் தழுதழுத்தது. "எழுப்பாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

உட்கார்ந்தார். கொலுவுக்கு வந்தவர்கள் பாட வேண்டும் என்பது வழக்கம். ஆன்ட்டி தாமாகவே தொடங்கிவிட்டார். நிதானமான ஓர் அம்மன் பாட்டு. பல்லவி போனது, அனுபல்லவி போனது, சரணங்கள் வந்துகொண்டே இருந்தன. என் விரல்கள் மரத்துப்போயின. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கன்னத்தைத் தரையில் வைத்தபடி, கண்ணுக்கு நேரே அந்தச் சின்னப் பனிமலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது ஒரு துணுக்குப் பஞ்சு பறந்துவந்து என் மூக்கின்மேல் இறங்கியது. அதைவிட அழகான பனிப்பொழிவை நான் பார்த்ததில்லை.

"மாப்ள," என்றான் பிரபு, சோபாவைச் சுற்றி வந்து. "கால்ல என்னடா அது?"

பாட்டு நின்றது. ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"பூட்ஸா? அம்பாளுக்கு முன்னாடியா?"

"ஆன்ட்டி, அது பனியை மட்டும்தான் மிதிச்சிருக்கு" என்றேன், மூக்கில் பஞ்சோடு. தும்மலும் அப்போதுதான் வந்தது.

ஸ்கீ வழுக்கியது. அதே நொடியில் இறங்கி வந்த சுதா ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டு பாய்ந்து கொலுப்பலகையைத் தாங்கினாள். பிரபு பெட்டியை உள்ளே தள்ளினான். கொலு பிழைத்தது. செட்டியார் மட்டும் கடையைவிட்டு நழுவினார். சாட்டின் சரிவில் உட்கார்ந்த வாக்கிலேயே, தொப்பை குலுங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கினார். பொம்மைகளைத் தாண்டி, ஏரிக்கரையில் அன்னத்தின் பக்கத்தில் போய் நிமிர்ந்தபடி நின்றார்.

முதலில் சிரித்தது கவிதா. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, விழறதுன்னா இவ்வளவுதானா? இதுக்கா நான் பயந்தேன்! சுதா, வீட்டை புக் பண்ணச் சொல்லு, நாங்க வர்றோம்."

சுதா கொலுப்பலகையை விடாமல் சந்தோஷத்தில் அழுதாள். நான் எழுந்து பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், பூட்ஸ் கழலவில்லை. கொலுவுக்கு முன்னாலிருந்து என்னை வாசல்வரைக்கும் இழுத்துப்போய்த்தான் கழற்றினார்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு புறப்படும்வரை கோமதி ஆன்ட்டி என்னிடம் பேசவில்லை. இப்போது அவர் போகிற கொலுவிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். (என் பக்தியைப் பார்த்து உருகித் தாம் பாட்டுப் பாடியதை மட்டும் விட்டுவிடுகிறார்.) எங்கள் செட்டியாருக்கும் வருஷாவருஷம் பல்குச்சி ஸ்கீ உண்டு. நான் சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கினால்கூட நிலா தன் சிநேகிதிகளிடம், "ஷ்ஷ், அப்பா இஸ் ப்ரேயிங்" என்கிறாள்.

டிசம்பரில் போனோம். காலைக் காப்பியோடு பார்த்த அதே சரிவு, அதே மரவேலி. மாடுகள் இருந்த இடத்தில் பனி. கவிதா பயிற்சிச் சரிவில் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு எடுத்துவைத்த முதல் அடியிலேயே, கைகளை முன்னால் நீட்டியபடி, முகம் பனியில் புதைய விழுந்தேன்.

"அம்மா! அப்பா இஸ் ப்ரேயிங்!" மலை முழுதும் கேட்டிருக்கும்.

சுதா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் பனிமலை, கீழே ஏரி. காற்று வீசத்தான் செய்தது, ஆனால் இந்த மலை அலையவில்லை.

"என்னங்க, கும்பிட்டு முடிச்சாச்சா?"

"இல்ல," என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு."