ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜிப்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த மகத்தான காரியம், எங்கள் ஐந்து நாடுகளும் ஒரே சந்தையாகச் சேர்ந்ததுதான். உள்ளே இருப்பவருக்கு வரியே கிடையாது. வெளியே நிற்பவருக்கு நாற்பது சதவீதம். ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று பார்த்து இந்த அன்பைக் கட்டிக்காக்கும் ‘பிறப்பிடச் சான்றிதழ்’ அலுவலகத்தில், மூன்றாம் கவுண்டரில் முத்திரை குத்தும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

ஒரு நாள் வரிசையில் என் அக்கா நின்றாள். ஆறு மெஷின் போட்டுப் பள்ளிப் பைகள் தைப்பவள். கூட்டமைப்பு நாடு ஒன்றுக்கு நானூறு பைகள் அனுப்ப வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் வரி. வரி என்றால் வாங்குபவர் கைவிரித்துவிடுவார்.

மாதிரிப் பையைத் திறந்து பார்த்தேன்.

“ஜிப் எங்க வாங்கின?”

“எப்பவும் வாங்கற இடந்தான். ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

“அந்த நாடு கூட்டமைப்புல இல்லையே அக்கா.”

“ஏன்டி, என் மாடியிலேருந்து பாத்தா அந்தக் கடை போர்டு தெரியுதுடி!”

“தெரியட்டும். அது ‘அந்நியம்’. ஜிப் அந்நியம்னா முழுப் பையும் அந்நியம். கூட்டமைப்பு ஜிப்னா கப்பல்ல வரும். பதினெட்டு நாள் ஆகும்.”

“பத்து நாள்ல பள்ளிக்கூடம் திறக்குது.”

பள்ளிக்கூடங்கள் எங்களைக் கலந்தாலோசிக்காமல் திறப்பது வருந்தத்தக்கதுதான்.

அக்கா இன்னொரு ஜிப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். “இதான் உங்க கப்பல் ஜிப். அதே கடைக்காரன் செஞ்சது. கடல் தாண்டிப் போய் லேபிள் ஒட்டிக்கிட்டு, மூணு மடங்கு விலையில திரும்பி வருது.”

உற்றுப் பார்த்தேன். அதே பல், அதே இழுப்பு. பின்னால் நின்ற மேலாளர் பரவசமானார். “ஒரே ஜிப் ரெண்டு தடவை கடல் தாண்டுது பாருங்கம்மா! வர்த்தகம் இரட்டிப்பாயிடுச்சு!”

அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. “சின்ன வயசுல உன் பாவாடை கிழிஞ்சப்போ ஊக்கு குத்திவிட்டேனே. அது எந்த நாட்டு ஊக்குன்னு கேட்டியாடி?”

கேட்கவில்லை. அப்போது விதி இல்லை. ‘நிராகரிக்கப்பட்டது’ என்று குத்தினேன். கை நடுங்கியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் முத்திரை நேராகத்தான் விழுந்தது.

இப்போது ஆறு மெஷின்களும் துணி போர்த்திக் கிடக்கின்றன. அக்கா துறைமுகக் கிடங்கில் ஜிப்புகளுக்கு லேபிள் சரிபார்க்கிறாள். ‘ஒப்பந்தம் உருவாக்கிய வேலைகள்’ பட்டியலில் அவளையும் சேர்த்திருக்கிறோம்.

நேற்று ஆய்வுக் கூட்டத்தில் மேலாளர் முழங்கினார்: “மூணாம் கவுண்டர்ல இந்த அரையாண்டுல ஒரு நிராகரிப்புகூட இல்லை!”

உண்மைதான். விண்ணப்பிக்க யாரும் மிச்சமில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், முத்திரை குத்திய அதே கையால்.