கடல் பொத்தான்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஒயரைக் கண்டாலே ஒதுங்குகிறவள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது எரிந்தது என்று மாற்றிச் சொல்லித் தொலைத்தால், எதிர்வீட்டு இசாவோவின் மானம் போய்விடும். ஆனால் ஜப்பானில், இந்தச் சாக்காய் ஊரில் எங்கள் சந்து அவ்வளவு குறுகல். அவர்கள் வீட்டுக் கூடம் எங்கள் சமையலறை ஜன்னலுக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவர் மனைவி கிகுயோ துணி உலர்த்தும்போது சொன்னது.

இசாவோவுக்கு ஒரு கனவு உண்டு. பாட்டில் மூடி செய்யும் ஆலையில் பகலெல்லாம் தடதட சத்தத்தில் நிற்கிற மனிதர். நிலா வெளிச்சத்தில் கப்பல் முனையில் மல்லாந்து படுத்துக் கிடக்க வேண்டும், அலைச் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்கக் கூடாது. இதுதான் அவர் ஆசை. நிஜக் கப்பல் அவருக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் கப்பலேறியபோது, அவர் கடலைப் பார்த்ததைவிட அவர் சாப்பிட்டதைக் கடல் பார்த்ததுதான் அதிகம். ஆகவே டிவியில் போட்டுப் பார்க்கிற வீடியோ வட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதில் கதை கிடையாது, ஆள் கிடையாது. அலை, நிலா, மறுபடி அலை.

அந்தக் கடலுக்குப் போகிற வழியெல்லாம் ரிமோட். டிவிக்கு ஒன்று, வட்டு ஓட்டும் பெட்டிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று. எல்லாவற்றையும் தேடி அழுத்தி முடிப்பதற்குள் கனவு போய்க் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் நிப்பொன்பாஷி மின்சாமான் கடைத்தெருவிலிருந்து ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“அம்மா! இங்க வா.”

அம்மா என்றது கிகுயோவைத்தான். பிள்ளை பிறந்த வீட்டில் பெண்டாட்டி அம்மா, புருஷன் அப்பா. பிள்ளை வளர்ந்து டோக்கியோவுக்குப் போன பிறகும் பட்டம் போகாது.

“இனிமே இந்த வீட்டுக்கு ஒரே ரிமோட். இதுதான் சுக்கான். நான்தான் மாலுமி.”

“அப்ப நான் யாரு?”

“பயணி.”

“சோறு பொங்குற பயணியா?”

“கிண்டல் பண்ணாத. இது கத்துக்குற ரிமோட். சொல்லிக் குடுத்தா அப்படியே புடிச்சுக்கும்.”

“இந்த வீட்டுல கத்துக்குற சாமான் ஒண்ணாவது வந்து சேந்துச்சே!”

இசாவோ காதில் வாங்கவில்லை. கண் ஏற்கெனவே கடலில் இருந்தது. “ஒரே பொத்தான். கடல்னு பேர் வைக்கப் போறேன். அழுத்தினா விளக்கு மங்கும், விசிறி சுத்தும், நிலா வரும், அலையடிக்கும். எல்லாம் வரிசையா, தானா. சனிக்கிழமை எட்டு மணிக்கு வெள்ளோட்டம். அன்னிக்கு முழுநிலா.”

கிகுயோவின் முகம் மாறியது. “சனிக்கிழமை எட்டுக்கா? அப்பா, அன்னிக்கு என் தொடருக்குக் கடைசிப் பகுதி. அவ அந்த டாக்டரைக் கட்டிக்கிறாளா, தீவுக்கே திரும்பிடுறாளான்னு கோடை முழுக்கக் காத்துக் கெடக்கேன்.”

“கட்டிக்குவா. எல்லாத் தொடர்லயும் கட்டிக்குவாங்க. பதிவு பண்ணி அப்புறமா பாத்துக்கோ.”

“ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் தெருக் கூட்டுறப்ப முடிவைச் சொல்லிருவாங்களே! எதிர்வீட்டுக்காரி ஒருத்தி போதும்.”

அது என்னைத்தான். பொய் என்று சொல்ல மாட்டேன்.

“மாலுமி சொன்னா சொன்னதுதான்,” என்றார் இசாவோ.

கிகுயோ சண்டை போடவில்லை. இசாவோ இடத்தில் நான் இருந்திருந்தால் அதற்கே பயந்திருப்பேன்.

வீட்டிலிருந்த ரிமோட் எல்லாவற்றையும் இசாவோ வாரிக்கொண்டு வந்து பாயில் கொட்டினார். அந்த வேகத்தில் செத்துப்போன தன் தாயாரின் ரிமோட்டும் வந்ததை அவர் கவனிக்கவில்லை. டிவிக்குப் பக்கவாட்டில், டிவியைப் பார்த்தபடி தாயாரின் படம் வைத்த சாமிப்பெட்டி. அதற்குள் மின்சார மெழுகுவர்த்தி. நெருப்புக்குப் பயந்து அவரே வாங்கி வைத்தது. அதற்கும் ஒரு வெள்ளை ரிமோட், தீப்பெட்டி அளவில்.

பழைய ரிமோட்டைப் புதியதன் மூக்குக்கு நேராக வைத்து அழுத்த வேண்டும். புதியது பச்சையாகக் கண் சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இசாவோவுக்கு ஒரு கையில் விளக்கப் புத்தகம், இன்னொரு கையில் புது ரிமோட், மூக்கு நுனியில் கண்ணாடி. மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

“அம்மா, நான் படிச்சவன். படிச்சுச் சொல்றேன். நீ அழுத்து. முதல்ல விளக்கு.”

கிகுயோ அழுத்தினாள். பச்சை.

“விசிறி.”

பச்சை.

“வட்டுப் பெட்டி.”

கிகுயோவின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு தீப்பெட்டி அளவு ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். பச்சை.

“டிவியை வட்டுக்கு மாத்து.”

அவள் டிவி ரிமோட்டில் தன் தொடர் வரும் சேனலின் எண்ணை அழுத்தினாள், அணைந்து கிடக்கிற டிவியையும் எழுப்பிவிடுகிற எண். அதற்கும் பச்சை. கற்கிற சாமானுக்கு வாத்தியார் சொல்வதுதான் வேதம்.

“ஒருதரம் அழுத்திப் பாத்துரலாமா, அப்பா?” என்று கேட்டாள். கேட்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாதல்லவா?

“சீ! வெள்ளோட்டத்துக்கு முன்னால கப்பலைத் தண்ணியில எறக்குவாங்களா?”

பழைய ரிமோட்டுகளை அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் ‘பத்திரமாக’ வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. அது ஹிகான் வாரம். ஹிகான் என்றால் அக்கரை. அக்கரைக்குப் போய்விட்டவர்கள்மேல் இக்கரையில் இருக்கிறவர்கள் அக்கறை காட்டுகிற வாரம். தாயாரின் படத்துக்கு முன்னால் கிகுயோ இனிப்புப் பயறு பூசிய சோற்றுருண்டை வைத்திருந்தாள். வெளியே சில்வண்டுகள். கூரைக்கு மேலே நிலா, கழுவி வைத்த தட்டு மாதிரி. இசாவோ குளித்து, பருத்தி அங்கி கட்டி, பாயில் மல்லாந்தார். ஆலைச் சத்தம் காதிலிருந்து மெல்ல வடிந்தது. உடம்பே தோணியாக மிதந்தது.

அழுத்தினார்.

விளக்கு மங்கியது. சின்ன ஆரஞ்சு பல்பு மட்டும் நின்றது. விசிறி கடற்காற்றை அனுப்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அலைக்குக் காத்திருந்தார்.

அலை வரவில்லை. வயலின் வந்தது. பிறகு ஒரு பெண் விசும்பினாள்.

கண்ணைத் திறந்தார். இருட்டில் இரண்டு சுடர்கள் ஆடின. நடுவில் அவருடைய தாயார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா!” என்று அலறினார்.

“எந்த அம்மாவைக் கூப்புடுறீங்க? என்னையா, அவங்களையா?” கிகுயோ அதற்குள் முழந்தாள் மடித்து, கைகூப்பி உட்கார்ந்துவிட்டாள்.

“மெழுகுவர்த்தி எப்படி எரியுது?”

“கடல்னு அழுத்தினா அக்கரையில இருக்குறவங்களுக்குத்தானே கேக்கும்? அத்தை உசுரோட இருந்தப்ப சனிக்கிழமை எட்டு மணித் தொடரை ஒருநாள் விட்டதில்ல. பாக்க வந்துட்டாங்க.”

“நீ என்னத்தையோ மாத்தி அழுத்திட்ட!”

“நான் பயணிதானே, அப்பா? மாலுமி சொன்னாரு, அழுத்தினேன். படிச்சவரு நீங்களே தப்பாச் சொல்லியிருப்பீங்களா?”

அழுத்தி நிறுத்தலாமென்றால் அந்த ரிமோட்டுக்குத் தெரிந்தது கடல் ஒன்றுதான். எழுந்துபோய் டிவியை நிறுத்தலாமென்றால், குனிகிற நேரம் பின்புறம் தாயாரின் முகத்துக்கு நேராக வரும். அக்கரை வாரத்தில் எந்த மகன் அப்படிச் செய்வான்? சுடர் எரியும்போது மல்லாந்து கிடக்கவும் முடியாது. அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, முழந்தாள் மடித்து, மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீல வெளிச்சம் மூன்று முகங்களிலும் அலை அலையாக ஏறி இறங்கியது. படத்திலிருந்த முகம்தான் ரொம்பத் திருப்தியாக இருந்தது. தொடர் முடியும்போது இசாவோவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கால் வலி என்றார்.

“தீவுக்கே போயிட்டா பாத்தியா, அம்மா!” என்றார். எந்த அம்மாவிடம் என்று தெரியவில்லை.

மறுநாள் தெருக் கூட்டும்போது முடிவை எல்லாரிடமும் சொன்னவர் அவர்தான். எனக்கு வாயைத் திறக்க இடமே தரவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். எதிர்வீட்டு நீல வெளிச்சத்தை எங்கள் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்திருக்கிறார். அடுத்த நாளே நிப்பொன்பாஷிப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார், கண்ணில் அதே கடலோடு. என்ன செய்வது? வீட்டிலுள்ள ரிமோட்டையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

“நான் படிக்காதவ. நீங்களே படிச்சுச் சொல்லுங்க,” என்றேன். “அழுத்துற வேலைய மட்டும் நான் பாத்துக்குறேன்.”