பிரியாவை அழைத்துச் செல்வது தொடர்பாக

சிவகிரியில் இருக்கும் மரியாதைக்குரிய முத்துலட்சுமி அத்தை அவர்களுக்கு, தென்காசியிலிருந்து தங்கள் தம்பி மகள் பார்வதியம்மாள் பணிவுடன் எழுதுவது. தங்களுக்கும் மாமாவுக்கும் உடம்பு சுகம்தானே. புது வீட்டில் பூச்சு வேலை முடிந்து மாடிப்படிக்குக் கைப்பிடியும் வைத்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டு மிகவும் மகிழ்ந்தேன். எவ்வளவு மகிழ்ந்தேன் என்பது கீழே படிக்கப் படிக்கத் தெரியும்.

நாளை மறுநாள் எனக்கும் பிரியாவுக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. அம்மா பேசி முடித்ததும் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதால்தான் கடிதம் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் கிரைண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா எழுந்து வந்தால் தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்ல ஒரு சொம்பும் வைத்திருக்கிறேன். எழுத்து நடுங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அடுத்த வீட்டு மணிகண்டபிரபு அண்ணன் காலையில் முதல் டிரிப்பில் சிவகிரிக்குக் கண்டக்டராகப் போகிறார். அவரிடம் கொடுத்துவிட்டால் மத்தியானத்துக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். வர வேண்டும்.

ஏனென்றால் இன்று சாயங்காலம் அம்மா உங்களிடம் பேசியதைக் கேட்டுவிட்டேன். "வீடு முடிஞ்சா என்ன மதினி, பிளஸ் டூ முடியுத வரைக்கும் பிரியா இங்கனயே இருக்கட்டும். அவ இருந்தாத்தான் இவளுக்கும் ஒரு பயம் இருக்கும்" என்றாள். நீங்கள் நாளை ராத்திரி முடிவு சொல்வதாகச் சொன்னீர்களாம். அத்தை, தயவுசெய்து முடியாது என்று சொல்லிவிடுங்கள். பயம் என்னிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

உங்கள் மகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவளிடம் குறையே இல்லாததுதான் என் கஷ்டம். வீடு கட்டி முடியும்வரை இங்கே படிக்கட்டும் என்று ஜூன் மாதம் நீங்கள் கொண்டுவந்து விட்டபோது நான்தான் அவளுக்குப் பாதி அலமாரியை ஒழித்துக் கொடுத்தேன். முதலில் பெயரில் ஆரம்பித்தது. மகன் வயிற்றுப் பிள்ளை என்று ஆச்சி பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். மகள் வயிற்றுப் பிள்ளைக்கு சத்யபிரியா. வகுப்பில் டீச்சர் "பார்வதியம்மாள்" என்று கூப்பிட்டால் யாரோ பென்ஷன் வாங்க வந்தவரைத் தேடுவதுபோல் எல்லோரும் வாசலைப் பார்க்கிறார்கள். அடுத்து "சத்யபிரியா" என்றால் டீச்சரின் குரலே இனிக்கிறது. பிறகு சாப்பாடு. ஞாபகசக்திக்கு என்று எனக்கு தினமும் வல்லாரைத் துவையல். ஞாபகம் நன்றாக இருப்பவளுக்கு, நன்றாக இருப்பதற்காக, அப்பா புளியறை வரை வண்டியில் போய் புரோட்டா பார்சல் வாங்கி வருகிறார். எனக்கும் ஒன்று தருவார்கள். துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

இயற்கணிதத்தை நான் ஒழுங்காகத்தான் படித்தேன். கைடில் உள்ள இருபடிச் சமன்பாடு அத்தனையையும் விடையோடு மனப்பாடம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து பிரியா, "ஏட்டி, அஞ்சுக்குப் பதிலா ஆறுன்னு வந்தா என்ன செய்வ?" என்றாள். அச்சடித்திருப்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவள் ஐந்தை ஆறாக மாற்றிப் போட்டுக் காட்டினாள். அம்மாவின் கலங்கிய கண் அவள் பக்கம் திரும்பிவிட்டது.

முக்கோணவியல் இதைவிட மோசம். சீசன் இல்லாத மாதங்களில் அப்பாவுக்குக் குற்றாலத்துப் பழக்கடையில் வேலை கிடையாது. அதனால் என் படிப்பில் வேலை பார்க்கிறார். ஏற்றக் கோணம் எனக்குப் புரியவில்லை என்றதும் எங்கள் இருவரையும் மெயினருவிக்குக் கூட்டிப் போய், "ரெண்டு பேரும் அருவி உயரத்தக் கண்டுபிடிங்க பாப்போம்" என்றார். அருவியில் தண்ணீரே இல்லை, பாறையும் குரங்குகளும்தான். பிரியா கோணமானியில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக் கோணம் பார்த்தாள். எனக்கு டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கும் வேலை. அவள் போட்ட விடையைக் கேட்டு அப்பா, "எங்க அக்கா மவ அருவிக்கே அளவு சொல்லிட்டா, பாத்தியளா" என்று பூட்டிய கடைகளுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். நான் தூரத்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டேன். என் விடைப்படி மெயினருவி ஒரு அழிரப்பர் உயரம். பக்கத்துச் சிப்ஸ் கடை பால்வண்ணநாதன் அண்ணாச்சி என் தாளை வாங்கிப் பார்த்து, "ஏட்டி, இதுல குளிக்கணும்னா எறும்புல்லா வரணும். உங்கப்பனுக்கு யாவாரம் எப்படி நடக்கும்?" என்றார். அப்பாவும் சிரித்தார். பிரியா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

இன்றைக்கு எங்கள் ஹால் டிக்கெட்டுகளை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவளுடையது மேலே, என்னுடையது அடியில். யாரும் பார்க்காதபோது மாற்றி வைத்தேன். அம்மா விளக்கேற்ற வந்து மறுபடி மாற்றிவிட்டாள். கேட்டதற்கு, "நல்லாப் படிக்கவ மேல இருந்தாத்தான் கீழ இருக்கவளுக்கும் கொஞ்சம் இறங்கும்" என்றாள். திருநீறுகூட மேலே உள்ளதில்தான் விழுந்தது. எனக்கு ஒரு பொட்டும் இறங்கவில்லை.

அத்தை, இந்த ஒரு வருஷத்தையே நான் இப்படித்தான் கடந்தேன். இன்னும் இரண்டு வருஷம் என்றால் எங்கள் அம்மா என்னை மறந்தே போவாள். ஆகவே கடைசிப் பரீட்சை அன்றே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து பிரியாவை அழைத்துப் போகும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியை நானே கட்டித் தருகிறேன். புது வீட்டில் எல்லோரும் நோய் நொடியில்லாமல், ஒருவரை விட்டு ஒருவர் பிரியாமல் பல்லாண்டு வாழ வேண்டும். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
மு. பார்வதியம்மாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பிரியா எழுந்து வந்துவிட்டாள். நான் கடிதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன். "தூக்கம் வரலட்டி" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊருக்குப் போகப் போகிறாயே, சந்தோஷமா என்று நைசாகக் கேட்டேன். "மிஸ்ரியா இப்பவே சொல்லிட்டா, பிளஸ் ஒன்னுல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சாம்" என்றாள். யார் மிஸ்ரியா என்றேன். "சிவகிரில எங்க தெருதான். அவளுக்குக் கணக்கு சுத்தமா வராது. தெனமும் நான்தான் உக்காத்தி வச்சு சொல்லிக் குடுப்பேன். பாவம்லா அவ." எனக்கும்தான் வரவில்லை என்றேன். "நீ ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டியாட்டி?" என்றாள்.

கேட்டேன். இறக்கக் கோணத்தைக் கிரைண்டர் மேல் ஒரு தீப்பெட்டியை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். புரிந்துவிட்டது. என் போர்வையில் பாதியை இத்தனை மாதமாக இழுத்துக்கொண்டு தூங்குகிறவள், இதே தீப்பெட்டியை வைத்து இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுப்பாள் என்று நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. வேறு தாளில் எழுத இப்போது நேரமில்லை; இருபடிச் சமன்பாடு பாக்கி இருக்கிறது, அவள் கூப்பிடுகிறாள். ஆகவே மேலே கண்டதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பிளஸ் டூ முடியும்வரை பிரியா இங்கேயே இருக்கட்டும் அத்தை. அவள் அறையை வேண்டுமானால் வாடகைக்கு விடுங்கள். மிஸ்ரியா வீட்டாருக்கு மட்டும் விட வேண்டாம்.