எரிய மறுத்த டிரான்ஸ்பார்மர்

"பாரு, பாரு, சிவக்குது!" என்று மொட்டை மாடியிலிருந்து கத்தினார் கிரிஜா சங்கர் நிகம்.

"சிவந்தா சிவக்கட்டும். ஃபேன் ஏன் இப்படி அழுது வடியுது, அதக் கேளுங்க," என்றாள் கீழே மாங்காய் சர்பத் கலக்கிக்கொண்டிருந்த மனைவி விமலா.

இரண்டும் ஒரே கேள்விதான் என்பது விமலாவுக்குத் தெரியாது. தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்த நிகமுக்கும் தெரியாது. அவர் கல்லூரி அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா. உலகத்தில் தனக்குத் தெரியாத விஷயம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டதே இல்லை.

குலாப்பாடித் தெருமுனைக் கம்பத்தில் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி நல்ல கம்பி, திருட்டுக் கம்பி, எதற்கென்றே தெரியாத கம்பி என்று ஒரே சிடுக்கு. ஜூன் மாதம் பிறந்ததிலிருந்து, பொழுது சாயும் வேளையில் எல்லா வீட்டு ஏசியும் ஓட ஆரம்பித்ததும், அதன் தலைமாட்டில் ஏதோ செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது.

நிகமின் வயிறும் கூடவே எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் ரிச்சாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துப் பேட்டையான சிவபுரிக்காரர்கள். போன மாதம் பெண் பார்க்க வந்தபோது, ஒரு சமோசா தின்று முடிப்பதற்குள் மூன்று முறை கரண்ட் போனது. மாப்பிள்ளையின் அம்மா சக்ஸேனா அம்மாள் விசிறியைக் கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி வீசிக்கொண்டாள்.

"எங்க சிவபுரியில கரண்ட் போறதுன்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது. வேர்த்து வழிஞ்சிட்டு என் பிள்ளை மோதிரம் மாத்த மாட்டான். நிச்சயத்துக்குள்ள சரிபண்ணுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, அலகாபாத்ல ஒரு பொண்ணு காத்திட்டிருக்கு."

கல்யாண சீசன். ஊரில் மண்டபமும் இல்லை, வாடகைக்கு ஜெனரேட்டரும் இல்லை. ரிச்சா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது.

நிகம் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனார். ஜூனியர் இன்ஜினியர் சௌராசியா இரண்டு கூலர்களுக்கு நடுவே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"எங்க டிரான்ஸ்பார்மர் சிவக்குது சாப்."

"சிவக்காது."

"கண்ணால பார்த்தேன்!"

"இரும்பு சிவக்கிற அளவுக்குச் சூடு ஏறினா, அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள இருக்கற எண்ணெய் கொதிச்சு, பீப்பாய் வெடிச்சுடும். மத்த டிரான்ஸ்பார்மரே சிவக்காது. உங்களோடது நிச்சயமா சிவக்காது. எழுதி வேணும்னாலும் தரேன்."

எதையும் எழுதித் தராத மனிதர் இவ்வளவு உறுதியாகப் பேசியதை நிகம் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

"ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"பார்க்க என்ன இருக்கு அதுல?"

"அப்ப பெருசா ஒண்ணு மாத்திக் குடுங்க."

"எரிஞ்சு போனாத்தான் புதுசு. ரெண்டே நாள்ல வந்துடும். எரியாதத மாத்த விதி இல்ல," என்று சொல்லிவிட்டுச் சௌராசியா கூலரின் திசையைத் திருப்பிக்கொண்டார்.

கூலரைப் பார்த்ததும் நிகமுக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் தெருவுக்கு நல்லது. வீட்டுக் கூலரைத் தூக்கி வந்து, இரண்டு மேஜைகளை அடுக்கி, டிரான்ஸ்பார்மரைப் பார்த்து வைத்தார். அதற்குக் கரண்ட், கம்பத்திலேயே கொக்கி போட்டு எடுத்தது. நோயாளியின் ரத்தத்தை எடுத்து நோயாளிக்கே கஞ்சி காய்ச்சுகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அரை மணி நேரத்தில் தெருவே கயிற்றுக்கட்டிலோடு வந்து கூலருக்கு முன்னால் படுத்துக்கொண்டது. டிரான்ஸ்பார்மருக்குக் காற்று வரவில்லை என்று இன்னொரு கூலர் வந்தது. அதற்கும் கொக்கி. அன்று கூடுதலாகச் சிவந்தது.

அடுத்ததாக நிகம் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். "பொண்ணு விஷயம். நாலு நாளைக்கு ஏசியை அணைச்சு வைங்க."

"உங்க பொண்ணு எங்க பொண்ணு இல்லியா? இப்பவே அணைக்கறேன்," என்றார் எதிர்வீட்டு வக்கீல் அவஸ்தி. மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஊரே அணைக்கிறது, நமக்குக் கரண்ட் நன்றாக வரும் என்று ஒவ்வொருவரும் இரண்டாவது ஏசியையும் போட்டார்கள். அன்று டிரான்ஸ்பார்மர் பக்கம் போனவர்களுக்கு 'ஸ்ஸ்ஸ்' என்று சீறல் கேட்டது.

"நிகம் பாய்சாப், நாம தலைகீழா யோசிக்கிறோம்," என்றார் அவஸ்தி. வழக்கு நடத்தி யாரையும் ஜெயிக்க வைக்காத வக்கீல்; யோசனை மட்டும் கை நிறைய வைத்திருப்பார். "எரிஞ்சாத்தானே புதுசு தருவாங்க?"

"ஆமா."

"அப்ப எரிச்சுடுவோம்! இன்னிக்கு வியாழன். சனிக்கிழமை புதுசு வந்துடும். ஞாயித்துக்கிழமை உங்க சம்பந்தியம்மா போர்வை கேப்பாங்க."

சாக்கடை அள்ளவும் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கும் ஒருநாளும் ஒன்று சேராத குலாப்பாடி, பொதுச் சொத்தை எரிக்க ஒரே குரலில் சரி என்றது. அன்று பொழுது சாயும் நேரத்தில் நிகம் மாடியில் நின்று, எல்லாரும் சுவிட்சைப் போடுங்கள் என்று தட்டைத் தட்டினார். ஏசி, கூலர், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் ஹீட்டர், எல்லாம் ஓடின. பரணில் கிடந்த குளிர்கால ரூம் ஹீட்டர்களைக்கூட இறக்கி, அந்துருண்டை நாற்றத்தோடு போட்டார்கள். ஜூன் மாத வெக்கையில் ரூம் ஹீட்டர் போட்டு உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெற்றிக்குக் காத்திருந்த தெரு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தலைமாட்டில் சிவந்தது. ஆரஞ்சு நிறமானது. ஆனால் எரியவில்லை.

"சனியனே! வேண்டாதப்பல்லாம் மானத்த வாங்கினியே, இப்ப என்ன கேடு உனக்கு? எரிஞ்சு தொலையேன்!" என்று நிகம் தொண்டை கிழியக் கத்தினார்.

"நம்ம ஹீட்டர் போதாதோ?" என்றாள் விமலா.

"அடுத்த தெருவுல கடன் வாங்கு!"

வாங்கினாள். கடைசி ஹீட்டரின் சுவிட்சைப் போட்டதும் எங்கோ 'டும்' என்று ஒரு சத்தம். தெரு இருண்டது. எங்கே டும் என்று யாரும் கேட்கவில்லை. ஹோலி வந்துவிட்டதுபோல ஆட்டம் போட்டார்கள். அவஸ்தி பேடாப் பெட்டியைத் திறந்தார். ரிச்சா இத்தனை நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். லைன்மேன் ராம்தீனுக்கு ஆள் போனது. அவன் ஏணியோடு வந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பத்தில் ஏறினான்.

அப்போது நிகமின் போன் அடித்தது. சக்ஸேனா அம்மாள்.

"நிகம்ஜி, எங்க தெருவுல டிரான்ஸ்பார்மர் வெடிச்சுடுச்சு! ஒரே இருட்டு!" அழாத குறையாகப் பேசினாள்.

நிகமுக்கு உள்ளே தேன் பாய்ந்தது. இந்தக் குரலைத் தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"அடடா! சிவபுரியிலயா? அங்க கரண்டே போகாதுன்னீங்களே சம்பந்தியம்மா?"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"என் பிள்ளை இருட்டுல கதவுல மோதி மூக்கு வீங்கிப் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை அந்த மூக்கோட எப்படிப் போட்டோ எடுக்கறது? எவனோ அளவில்லாம கரண்ட் இழுத்திருக்கான். அந்தப் பாவி யாருன்னு மட்டும் தெரியட்டும், அவன் வீட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்!"

"கூடவே கூடாது! மானங்கெட்ட பசங்க. யாருன்னு தெரிஞ்சா நானே வந்து உங்க பக்கத்துல நின்னு கேப்பேன்," என்றார் நிகம். சொல்லிவிட்டுப் போனை உயர்த்திப் பிடித்தபடியே, சம்பந்தியம்மாவும் கேட்கட்டும் என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "என்ன ராம்தீன், எங்களோடது நல்லா எரிஞ்சுடுச்சா? சனிக்கிழமை புதுசு வந்துடுமில்ல?"

"இது எங்க சாப் எரியும்? வெறும் டப்பா! உள்ள இருந்ததையெல்லாம் இன்ஜினியர் சௌராசியா சாப் போன வருஷமே எடுத்துட்டுப் போயிட்டாரே. இங்க சூடாகறது பக்கத்துல இருக்கற இந்தக் கம்பி முடிச்சு மட்டுந்தான்."

பேடாவை வாயில் வைத்தபடியே அவஸ்தி கேட்டார். "அப்ப எங்களுக்கு இவ்வளவு நாளா கரண்ட் எங்கிருந்துடா வந்துது?"

ஊருக்கே கேட்கும் குரல் ராம்தீனுக்கு. "சிவபுரியில இருந்துதான் சாப். நீங்க எல்லாருமாச் சேர்ந்து இப்ப எரிச்சதும் அதைத்தான்!"