ராகிக்காட்டுச் சுற்றுலா

முனிவேல் அந்தக் காருக்குள் ஏறவில்லை, இறங்கினார். கிணற்றில் இறங்குகிறவர் மாதிரி முதலில் ஒரு காலை விட்டு ஆழம் பார்த்து, பிறகுதான் உடம்பை விட்டார். தரைக்கும் காருக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. மூக்கண்டப்பள்ளி ஓணான் ஒன்று அடியில் புகுந்து, முதுகைச் சிராய்த்துக்கொண்டு மறுபக்கம் வந்ததை லைன்வீட்டு ஜனம் மொத்தமும் பார்த்தது.

சிக்கல் என்னவென்றால், காரில் இருந்ததே இரண்டு சீட். ஒன்றில் கைடு ஆனந்த். ஓட்டுவதும் அவன்தான், ஊரைச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்வதும் அவன்தான். இன்னொன்றில் முனிவேல். அவர் மனைவி மணிமேகலை கல்யாணப் பட்டுப்புடவையோடு வாசலில் நின்றாள். ஓசூர் வீட்டுமனைக் கண்காட்சியில் அவள் எழுதிப் போட்ட கூப்பனுக்கு விழுந்த பரிசு அது: 'சொகுசு ஸ்போர்ட்ஸ் காரில் ஒருநாள் சுற்றுலா'.

"நீங்க போய்ட்டு வாங்க," என்றாள் அவள். "பாகலூர்ப் பக்கந்தான் போவுதாம். நாளைக்கு ரிஜிஸ்டர் பண்ணப்போற நம்ம எடத்தையும் அப்படியே ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க."

லேத் பட்டறையில் முனிவேல் பார்த்த ஓவர்டைமும், மணிமேகலையின் காதில் இருந்த தோடும் சேர்ந்துதான் அந்தத் துண்டு மனை. பாகலூர் விவசாயி நாராயணப்பன் வாய்வார்த்தையாகச் சொன்ன விலை. எழுத்து எதுவும் கிடையாது.

தூசி அடிக்கும் என்று ஆனந்த் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தான். காற்று குளிரும் என்று ஒரு கோட்டும் கொடுத்தான்.

கெலவரப்பள்ளி அணையைக் காட்டுவான் என்று முனிவேல் எதிர்பார்த்தார். காட்டவில்லை. ஒரு வயலோரம் நிறுத்தி, கையை நீட்டி, "இது ராகிக்காடு சார்," என்றான். அடுத்து நிறுத்திய இடத்தில் இன்னொரு ராகிக்காடு. சுற்றுலா போய் இத்தனை ராகி பார்த்த மனிதர் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இல்லை.

அவரை இறக்கி நிறுத்தியதும் கூட்டம் சேர்ந்தது. "யாவ ஊரு சாமி?" என்று ஒருவர் கன்னடத்தில் ஊரை விசாரித்தார். பெங்களூர் சேட்டு இடம் வாங்க வந்திருக்கிறார், நேற்றைய விலைக்கு இனி யாரும் கொடுக்கக் கூடாது என்று இன்னொருவர் செல்போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முனிவேலுக்கு உறைத்தது. ஊரில் விலை ஏறினால் அவருடைய மனைக்கும்தானே ஏறும்.

"நான் சேட்டு இல்லீங்க. லேத் ஓட்டறவன்," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பு அப்பியிருந்தது.

"கம்பெனி மொதலாளி. தானே மிசினு புடிச்சி முன்னுக்கு வந்தவரு," என்று கூட்டம் மரியாதையோடு ஓரடி பின்வாங்கியது. விலை ஓரடி முன்னே போனது.

அடுத்த ஊரில் வேறு வழியில் போய்ப் பார்த்தார். மண்ணை அள்ளி முகர்ந்து, இது ஒன்றுக்கும் ஆகாத மண், தண்ணீரும் உப்பு என்றார். வாங்குகிற எண்ணம் இல்லாதவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பானா என்று ஒரு பெரியவர் மற்றவர்களுக்கு விளக்கினார். விலை இன்னும் ஏறியது.

மூன்றாவது ஊரில் கடைசி அஸ்திரத்தை விட்டார். இங்கே நாற்றமடிக்கிற கெமிக்கல் ஃபாக்டரி ஒன்று வரப்போகிறது, ஊரே காலி பண்ண வேண்டியதுதான் என்றார். வாயை மூடுவதற்குள், ஏழெட்டுப் பேர் பிள்ளைகளின் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு வரிசையில் நின்றார்கள்.

ஆனந்த் முகத்தில் மட்டும் வருத்தமே இல்லை. "சார், நீங்க பேசாம நின்னாலே போதும்," என்றான். "பேசினா இன்னும் நல்லாருக்கு."

அதற்குப் பிறகு காரை விட விலை வேகமாக ஓடியது. கார் பாகலூர் போய்ச் சேர்ந்தபோது விலை முன்னாலேயே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

டீக்கடைப் பேச்சு காதில் விழுந்ததும் முனிவேல் கண்ணாடியையும் கோட்டையும் சீட்டில் போட்டுவிட்டு நாராயணப்பன் வீட்டுக்கு ஓடினார். நாராயணப்பன் கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெங்கடம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

முனிவேல் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். "ஊரே பேசற அந்த சேட்டு நாந்தாங்க. என்னாலயே வெல ஏறி எனக்கே எடம் இல்லாம போச்சுன்னா, எம் பொஞ்சாதி மொகத்துல எப்படிங்க முழிப்பேன்?"

நாராயணப்பன் நிதானமாகக் கையைக் கழுவினார். "வெல எங்க வேணா போவட்டும். உனக்குச் சொன்னது சொன்னதுதான். காலையில ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து சேரு."

முனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. சேட்டு வந்தான் என்றதும் ஊர் மொத்தமும் தலைகால் புரியாமல் ஆடுகிறது, நீங்கள் ஒருவர் மட்டும் எப்படி அதை நம்பவில்லை என்று கேட்டே விட்டார்.

நாராயணப்பன் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு அதன் முதுகை ரொம்ப நேரம் தடவிக்கொடுத்தார்.

வெங்கடம்மாள்தான் அவரைக்காயிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்:

"எப்படி நம்புவாரு? போன ஞாயித்துக்கெழம அதே கார்ல, குருபரப்பள்ளியில, இவருதாம்பா சேட்டு."