எட்டு இட்லியும் ஒரு மௌன ஜெபமும்

தன் உடம்பைத் திடீரென்று கவனிக்கத் தொடங்குகிறவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. நான் தொடங்கியது ஒரு புத்தாண்டுக் காலையில்.

கிழக்குத் தாம்பரத்தில் ஓர் ஆலயத்தின் பாடகர் குழுவுக்கு அப்போது நான் கொயர் மாஸ்டர். டிசம்பர் முழுக்க சேலையூர், பெருங்களத்தூர் என்று தெருத்தெருவாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடியதில் என் குரல் துருப்பிடித்த கேட் ஆகியிருந்தது.

"புது வருஷத்துலயாவது உங்களைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

கவனித்துக்கொண்டேன். நல்லெண்ணெய்க் குளியல், மிளகுக் கஷாயம், எட்டு இட்லி. (எட்டாவது இட்லி கவனிப்பில் சேராது என்று இன்றும் வாதிடுகிறாள்.) முந்தின இரவு ஆராதனைக்கு விழித்த கண்களுக்குள் அந்த எண்ணெய் தாலாட்டாக இறங்கும் என்று யோசிக்கவில்லை.

அன்று காலை, மௌன ஜெபம் முடிந்ததும் எங்கள் பாட்டு. நான்கு குரல் பிரிவுகள், ஒரு மாதப் பயிற்சி, ஒரே ஒரு வாய்ப்பு. குழுவுக்கு நான் போட்டிருந்த சட்டமும் ஒன்றே: "யாரையும் பாக்காதீங்க. என் கை எழுந்தா பாடணும்." (இளமைத் திமிர்.)

பிரசங்கத்தின் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே, தூங்கிப்போனேன். கனவில் ஒரு கடல்; அலைகளெல்லாம் என் கையசைவுக்காகக் காத்து நின்றன. திடுக்கென்று விழித்தால் எங்கும் நிசப்தம். ஐயோ, நமக்காகத்தான் காத்திருக்கிறார்கள்! துள்ளி எழுந்து இரு கைகளையும் உயர்த்தினேன்.

அது மௌன ஜெபம். ஆலயம் முழுக்கத் தலைகள் கவிழ்ந்திருந்தன. சுருதி தரவேண்டிய கீபோர்டுக்காரரும் கண்மூடியிருந்தார். என் குழு மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரூபி அக்கா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. எங்கள் ஆல்டோவின், அதாவது பெண்களின் கீழ்க்குரல் பிரிவின், தூண். உதடு பிரிக்காமல், நினைவிலிருந்தே சுருதியை முனகினார். அவ்வளவுதான். இருபது தொண்டைகள் ஒரே மூச்சில் திறந்தன. அந்த மௌனத்தை மழை போல, வெயில் போல, இரண்டும் சேர்ந்தாற்போல நிறைத்தார்கள். பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். கைகளை இறக்கினால் பாட்டு பாதியில் நிற்கும். வேறு வழியின்றி வீசினேன். இரண்டாம் சரணத்தில் பதறி விழித்த கீபோர்டுக்காரர் கட்டையை அழுத்த, அதே சுருதி! மயிரிழை பிசகவில்லை.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கில் சொன்னார்: "ஜெபத்தை கொயரே முடிச்சுவச்சிட்டாங்க. ஆமென்."

வாசலில் ரூபி அக்காவைப் பிடித்தேன். "நான் தூக்கத்துல எழுந்தேன்னு தெரியலையாக்கா?"

"தெரியாம? குறட்டையே என் காதுலதானே விட்டீங்க!"

"அப்புறம் ஏன்க்கா பாடுனீங்க?"

"கையைத் தூக்கிட்டீங்களே மாஸ்டர். நாங்க பாடலைன்னா அத்தனை பேர் எதிர்ல நீங்க தனியா இல்ல நிப்பீங்க?"

இன்றும் நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோவுக்குக் கையைத் தூக்கினால் போதும். பின்னாலிருந்து ஸ்டெல்லா மெதுவாகச் சுருதி முனகுகிறாள்.