நானூறு வருஷத்துக் காற்று

பழைய கல்வீட்டுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. இங்கிலாந்தில், எங்கள் ஊர்ப்பக்கம், மழைக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது இந்த ரகம்தான். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் வாசல் நிலை நெற்றியில் இடிக்கும். வலி உங்களுக்கு, பூரிப்பு அவருக்கு. "பாத்தீங்களா! அந்தக் காலத்து ஆளுங்க அவ்வளவு குள்ளம்!" தேநீர் எப்போது வரும்? சுவரின் கனத்தை அளந்து காட்டி, கூரைக் கற்களை எண்ணவைத்து, உங்கள் தலையைப் புகைபோக்கிக்குள் நுழைத்து எடுத்த பிறகு வரும். ஆறிப்போய்.

என் பக்கத்து வீட்டு நெவில் பிராம்லி இதில் முதல் தரம். அவர் உயிர் முன்னறைச் சன்னலில் இருந்தது. நடுவே கல்தூண்கள் நிறுத்தி, ஈயப்பட்டைகளில் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த சன்னல். அதன் இடுக்குகளில் வரும் குளிருக்கு அவர் மனைவி டாஃப்னி பதினோரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இரட்டைக் கண்ணாடி போட்டுடலாம், நெவில்."

"நானூறு வருஷத்துக் காத்து, டாஃப்னி!"

"இருக்கட்டுமே. என் முதுகுலதானே அடிக்குது?"

போன குளிர்காலம் நெஞ்சுச்சளியில் மூன்று வாரம் படுத்தாள். எழுந்ததும் மகள் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினாள். நெவில் பதறிப்போய், பழைய கட்டடங்களை ஆராயும் ஹெஸ்டர் க்வின் என்ற அம்மாளை வரவழைத்தார். "சன்னலைத் தொடக்கூடாதுன்னு அவங்க வாயாலயே கேட்டுக்கோ!"

ஹெஸ்டர் தூணைத் தடவினார். குனிந்து பார்த்தார். இருமினார்.

"மெஷின்ல அறுத்த கல்லுங்க இது. நூறு வருஷம்கூட இருக்காது. தாராளமா மாத்திக்குங்க."

நெவில் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். டாஃப்னி அங்கேயே பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்தாள். நெவில் முகத்தைப் பார்க்க ஹெஸ்டருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஆனா கொல்லையில கரி போட்டு வெச்சிருக்கீங்களே, அந்தக் கொட்டகை இருக்கு பாருங்க, அது அசல் நானூறு வருஷம்" என்றார்.

அவ்வளவுதான். டாஃப்னி இப்போது கதகதப்பான முன்னறையில் மெல்லிய கவுனில் புத்தகம் படிக்கிறாள். நெவில் கரிக்கொட்டகையில், மூக்கு நுனியில் கரியோடு, வருகிறவர்களுக்குச் சுவர் காட்டுகிறார். இருவரும் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான்தான் முந்தாநாள் அந்தக் கொட்டகையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே, உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த விருந்தாளி ஏன் மறுபடி வரவில்லை என்றும் கொஞ்சம் யோசியுங்கள். கதவு பர்மாத் தேக்கு என்று எத்தனை முறை தட்டிக் காட்டினீர்கள்?